மைக்ரோ சிடியில் தெரியும் கருப்பு: இடைவெளியா, நிழலா?

வணக்கம். சென்னையில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) இறுதியாண்டு, எண்டோடான்டிக்ஸ் (பல்வேர் சிகிச்சைத் துறை). ரூட் கெனால் நிரப்பல் எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்று ஆய்வேட்டுக்காக மைக்ரோ சிடியில் (மிக நுண்ணிய முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) அளக்கிறேன். நிரப்பலை ஒட்டித் தெரியும் கருப்பில் எது நிஜ இடைவெளி, எது கதிரின் நிழல் என்று பிரிக்க முடியவில்லை. த்ரெஷோல்டை (எவ்வளவு கருப்பை இடைவெளியாகக் கணக்கிடுவது என்ற எல்லையை) கொஞ்சம் நகர்த்தினாலே ஒரே பல்லின் அளவு தாறுமாறாக மாறுகிறது.

பிடுங்கிய கீழ் முன்கடைவாய்ப் பற்கள், ஒற்றைக் கால்வாய். நிரப்பியது கட்டா பெர்ச்சா (ரப்பர் போன்ற பொருள்), அதைச் சுற்றி அடைக்கும் பசையாக ஏ.எச். பிளஸ் சீலர். ஸ்கேன் கருவி ஸ்கைஸ்கேன் 1172, 100 கிலோவோல்ட், வாக்சல் (முப்பரிமாணப் படப்புள்ளி) 15 மைக்ரான். சீலரில் சிர்கோனியம் ஆக்சைடும் கால்சியம் டங்ஸ்டேட்டும் இருப்பதால் கதிரை நன்றாகவே விழுங்குகிறது. கால்வாய் நீள்வட்டமாக இருக்கும் நடுப்பகுதியில்தான் தொல்லை அதிகம். கட்டா பெர்ச்சாவை ஒட்டி ஒரு மெல்லிய கருப்புக் கோடு கிளம்பி, டென்டினுக்குள்ளும் (கால்வாயைச் சுற்றியுள்ள பல் திசு) நேராக நீள்கிறது. டென்டினுக்குள் இருப்பது நிழல்தான், சரி. அதே கோடு சீலருக்குள் போகும்போது?

அலுமினியம்–செம்பு ஃபில்டர் போட்டாயிற்று, சுழற்சிப் படியைக் குறைத்தாயிற்று, பீம் ஹார்டனிங் (அடர்ந்த பொருளைக் கடக்கும் கதிரால் படத்தில் வரும் பிழை) திருத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தாயிற்று. கோடு மங்குகிறதே தவிர மறையவில்லை. அப்புறம் ஒரு பல்லைக் குறுக்கே வெட்டி ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வெட்டும்போதே கட்டா பெர்ச்சா இழுபட்டு இடைவெளியை மூடிவிடும் என்பதால் அதை நம்பத் தயக்கம்.

மாதக் கடைசியில் வழிகாட்டியிடம் அளவுகளைத் தர வேண்டும். நிரப்பும் முன் எடுத்த ஸ்கேன்கள் கையில் உள்ளன. அவற்றை நிரப்பிய பின் எடுத்தவற்றோடு பொருத்திக் கழித்தால் இந்த நிழலை நம்பகமாகப் பிரிக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.