இணையத்தில் கடல் உயிர்களைத் தேடியபோது நடந்தது: மறக்க முடியாத ஒரு சம்பவத்தைப் பகிருங்கள்

மண்டபம் டீச்சர்

கடலில் இறங்கிப் பாறைகளில் வளரும் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் செயல்திட்டத்துக்காக ஆல்கேபேஸ் தளத்தைத் திறந்து வைத்திருந்தேன். அயர்லாந்தில் மைக்கேல் கைரி 1996-இல் தொடங்கிய தளம். உலகத்துப் பாசிகளின் பெயர் வரலாறு முழுவதும் அதில் இருக்கிறது. நம் மரிக்கொழுந்துக்கு அங்கே ஜெலிடியெல்லா ஏசரோசா என்று பெயர். முதலில் 1775-இல் ஃபோர்ஸ்கோலின் நூலில் பெயரிடப்பட்டு, 1934-இல் இன்றைய பெயருக்கு மாறியிருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, ஒரு வெளிநாட்டு உலர்தாவரக் காப்பகத்தின் பக்கத்தில் இதே பாசியைத் தாளில் ஒட்டி எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

மகளை அழைத்துப் போக வந்த ஒரு அம்மா ஜன்னலோரம் நின்றிருந்தார். கடலிலிருந்து நேராக வந்தவர். விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. உள்ளே வந்து, திரையில் படாமல் விரலை நீட்டி, படத்தின் அடிப்பகுதியைக் காட்டினார். “இதை அடியோடு பிடுங்கியிருக்கிறார்கள், டீச்சர். பாறையில் ஒன்றும் விடவில்லை. அந்த இடத்தில் மறுபடி எப்படி வரும்?”

அந்தத் தாளில் சேகரித்தவர் பெயர் இருந்தது. ஊர், தேதி, எண் எல்லாம் இருந்தன. அவர் கேட்டதற்கு விடை மட்டும் இல்லை. அடிப்பகுதியைப் பாறையிலேயே விட்டுவிட்டு மேலே கிள்ளி எடுத்தால் மரிக்கொழுந்து திரும்பத் தழைக்கும் என்று ஆய்வுக் கட்டுரைகளும் சொல்கின்றன. இந்தக் கட்டுப்பாட்டைத் தாங்களாகவே கடைப்பிடிக்கும் பெண்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-இல் தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்தவுடன் அதை எடுத்த கையைக் கண்டுபிடிக்கும் கண் எந்தத் தளத்தில் இருக்கிறது? அன்றிலிருந்து எந்த மாதிரியின் படத்தைத் திறந்தாலும் என் கண் முதலில் அடிப்பகுதிக்குத்தான் போகிறது.

பாம்பன் தென்கரை

டீச்சர் சொன்னது போலவே எனக்கும் ஒன்று நடந்தது. பலனோகிளாசஸ் என்ற, மணலுக்குள் வாழும் புழு போன்ற கடல் உயிரி. விலங்கியல் படித்த எல்லோரும் படம் வரைந்திருப்பீர்கள்: துதிக்கை, கழுத்துப் பட்டை, உடல் என்று மூன்று பகுதி. முதுகெலும்பு இல்லாதவற்றுக்கும் உள்ளவற்றுக்கும் நடுவில் நிற்கும் பாலம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது பாம்பன் பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும் குருசடைத் தீவில் வாழ்கிறது என்று எனக்கு எந்த வகுப்பிலும் அழுத்திச் சொல்லப்படவில்லை. சென்னை அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்ட குருசடைத் தீவின் உயிரினங்கள் பற்றிய தொகுப்பை இணையத்தில் புரட்டிய பிறகுதான் இந்தத் தேடலில் இறங்கினேன். கடல் உயிரினங்களின் உலகப் பதிவேடான வோர்ம்ஸ் தளத்தில் குருசடையில் உள்ள இனத்துக்கு டைகோடெரா ஃப்ளாவா என்று பெயர்.

சம்பவம் இதுதான். வற்றின நேரத்தில் தூண்டில்காரர் ஒருவர் இரைப்புழு தோண்டிக்கொண்டிருந்தார். மணலின் மேல் இடியாப்பம் பிழிந்தது போலச் சுருள் சுருளாகக் கிடந்த இடத்தில் மண்வெட்டி பட்டதும், மஞ்சளாக, வழுவழுப்பாக ஒன்று வெளியே வந்து கையிலேயே அறுந்தது. உடனே மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையின் நெடி. அவர் கையை மணலில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “இதை மாட்டினால் ஒரு மீனும் தொடாது, தம்பி.”

அன்று இரவு தேடினேன். அந்த நெடிக்கு அதன் உடலில் உள்ள புரோமின் சேர்மங்கள் காரணம். எதிரிகள் தின்னாமல் காத்துக்கொள்ள அவை உதவலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் அதைத் தூண்டிலிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார். அவர் பெயரை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது?

உலர்தாவரம்

டீச்சரோடு ஒரு விஷயத்தில் நான் உடன்பட மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காப்பகத்துக்கு எடுக்கும் மாதிரி வேறு, பாசி வாங்கும் ஏஜென்டிடம் எடை போட எடுக்கும் பாசி வேறு. ஒரு செடியை முழுதாக, பாறையைப் பற்றியிருக்கும் பகுதியோடு எடுத்தால்தான் அது எப்படிப் படர்கிறது, நிமிர்ந்த கிளை எங்கிருந்து எழுகிறது என்று பின்னால் வருகிறவர் பார்க்க முடியும். மரிக்கொழுந்தின் உறவுப் பாசியான ஜெலிடியத்தின் தண்டுக்குள் மெல்லிய ரைசின் இழைகள் இருக்கும், ஜெலிடியெல்லாவில் இருக்காது. அதைக் காண தண்டைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். கையில் மாதிரியே இல்லாமல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சொல்கிறவர்களால்தான் இன்று பாதிக் குழப்பம். எம்.ஓ.பி. அய்யங்கார் 1927-இல் குருசடையின் பாசிகளைப் பற்றி எழுதினார். அக்காலத்தவர்கள் கடலில் இறங்கி முழுச் செடியாகச் சேகரித்து வைத்திருக்காவிட்டால், அன்று அங்கே என்ன இருந்தது என்று இன்று யாரால் சொல்ல முடியும்?

அந்த அம்மா சொன்னது பறிப்பவருக்கு நூற்றுக்கு நூறு சரி. சேகரிப்பவர் மீது அதைச் சுமத்துவது நியாயமில்லை.

மண்டபம் டீச்சர்

ஒரு செடிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுதோறும் பேருந்து பேருந்தாக வரும் கல்லூரி மாணவர்கள் ஆளுக்கொரு செடி ஒட்டித் தர வேண்டும் என்றால்? அதற்கும் இதே நியாயமா? அதே தரைதானே அவர்களும் மிதிப்பது?

கீழக்கரைவாசி

எனக்கு நடந்ததில் அழகு ஒன்றும் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

கடற்புல் தரையில் வெள்ளைக் கடல் அட்டை ஒன்றைப் படம் எடுத்து உயிரினப் பதிவுத் தளம் ஒன்றில் ஏற்றியிருந்தேன். தளத்தின் பெயர் வேண்டாம். மறுநாள் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி. வணக்கம் இல்லை, படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “எத்தனை பாகம்?” அவ்வளவுதான்.

பாகம் என்று ஆழத்தைக் கேட்பவர் ஆய்வு மாணவர் இல்லை. மன்னார் வளைகுடாவில் அட்டை பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். படகில் மூட்டையோடு பிடிபட்ட செய்தி அடிக்கடி வருவதும் தெரியும். பதிவை உடனே எடுத்துவிட்டேன். ஆனால் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க இன்னும் மனம் வரவில்லை. அட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.

ஏர்வாடி நடை

கீழக்கரைவாசிக்கும், இதைப் படிக்கிற எல்லோருக்கும். கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆமை முட்டைக் குழியின் படம் ஒன்று சுற்றி வந்தது. இருப்பிடம் எழுதவில்லை. பின்னால் கலங்கரை விளக்கம் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பார்த்த மாத்திரத்தில் இடத்தைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்ட் பயன்படுத்துகிறவர்கள் பதிவின் இருப்பிடத்தை மூன்று வகையாக வைக்கலாம்: எல்லோருக்கும் தெரியும்படி, மங்கலாக, முற்றிலும் மறைவாக. மங்கல் என்று வைத்தால் உண்மையான புள்ளிக்குப் பதில், அட்சத்திலும் தீர்க்கத்திலும் 0.2 பாகை கொண்ட ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய 22 கிலோமீட்டருக்கு 22 கிலோமீட்டர். அட்டைக்கு அது போதும். அழியும் நிலையில் உள்ளவை என்று பட்டியலிடப்பட்ட பல இனங்களுக்குத் தளமே மங்கலாக்கிவிடும். ஆனால் படத்தை ஏற்றும்போது இனத்தின் பெயரைச் சரியாகக் கொடுக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. ‘ஏதோ ஒரு அட்டை’ என்று போட்டுவிட்டு, பெயர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதற்குள் பார்க்க வேண்டியவன் பார்த்துவிடுவான். ஆகையால் கையாலேயே முதலில் மங்கலாக்குங்கள்.

அடுத்தது, நீக்கினால் போய்விடும் என்று எண்ண வேண்டாம். மற்றவர்களும் பெயரை உறுதிசெய்து ஆய்வுத்தரம் பெற்ற, உரிய உரிமம் கொண்ட பதிவுகள் அங்கிருந்து கோபன்ஹேகனில் உள்ள ஜிபிஐஎஃப் தரவுக் களஞ்சியத்துக்குப் போகின்றன. நீக்கியது அங்கே பிரதிபலிக்கச் சில நாள் ஆகும். முன்பே தரவிறக்கியவர் கையில் இருப்பதை யாரும் திரும்ப வாங்க முடியாது. கைபேசிப் படத்துக்குள்ளேயே எடுத்த இடத்தின் ஆயத்தொலை ஒளிந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். பாலம், கோபுரம், பனைவரிசை எதுவும் பின்னணியில் வேண்டாம்.

பதிவதையே நிறுத்திவிடாதீர்கள். இருந்தது என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், இல்லாமல் போனது என்று எப்படி வழக்காடுவது?

தங்கச்சிமடம் பேரன்

சின்னது. பறவைக் குரல்களைச் சேர்த்து வைக்கும் ஜெனோ-கான்டோ தளத்தில் சின்னக் கோட்டான் என்ற கரைப்பறவையின் குரலைப் போட்டேன். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. திண்ணையில் இருந்தபடியே விரல் மடக்கினார். குரல் நின்றதும் “ஏழு” என்றார். ஆங்கிலேயர்கள் அந்தப் பறவைக்கு ஏழு விசில்காரன் என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்று அப்புறம் படித்தேன். பறவையைப் பகலில் பார்த்த ஞாபகமே பாட்டிக்கு இல்லை. இருட்டில் வலை இழுக்கப் போகும்போது தலைக்கு மேலே கேட்டது மட்டும்தான்.

மிதவைக்காரர் மகள்

எங்கள் வீட்டுச் சோறு கப்பாஃபைகஸ் பாசியில்தான் வருகிறது. மூங்கில் மிதவை, கயிறு, விதைப்பாசி, அறுவடை. அம்மாவும் சித்தியும்தான் பார்க்கிறார்கள். கல்லூரியில் சூழலியல் கட்டுரைக்காகத் தேடியபோது 2008-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு கிடைத்தது. இந்தப் பாசி குருசடைப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்து மூடுகிறது என்று சொல்லும் ஆய்வு. இலவசமாகவே படிக்க முடிகிறது. இரவு அம்மாவுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கயிற்றில் விதைப்பாசி கட்டிக்கொண்டிருந்தவர், கை நிற்காமல் கேட்டார்: “வடகடலா, தென்கடலா?”

பாக் நீரிணைப் பக்கம் எங்களுக்கு வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். எங்கள் மிதவைகள் வடகடலில் நிற்கின்றன. குருசடை தென்கடலில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாம்பன் வாய் என்ற நீர்வழி. வாடை வடகிழக்குக் காற்று, கச்சான் தென்மேற்குக் காற்று. அம்மா தொடர்ந்தார்: “அப்படியானால் பாம்பன் வாய் வழியாகப் போயிருக்க வேண்டும். வாடையில் போகும், கச்சானில் திரும்பும். எந்தக் காற்றில் போனது என்று எழுதியிருக்கிறார்களா?”

அதற்கு நான் விடை தேடிக்கொண்டே இருக்கிறேன். ஆய்வு பொய் என்று அம்மா சொல்லவில்லை. பவளம் செத்தால் மீன் போகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய செய்தி இல்லை. அறுந்த துண்டு எங்கள் கயிற்றிலிருந்து போனதா, தென்கடலில் முன்பே வளர்த்த இடத்திலிருந்து போனதா என்பதுதான் அவர் கேள்வி. எங்கள் கயிறு என்றால், எந்த மாதங்களில் வலை கட்டி மறிக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி.

உலர்தாவரம் ஐயா, டீச்சர், உங்களில் யாருக்காவது பாம்பன் வாயின் நீரோட்டத்தை மாதவாரியாக அளந்த கட்டுரை எங்கே கிடைக்கும் என்று தெரியுமா? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இணையக் களஞ்சியத்தில் பழைய கட்டுரைகள் நிறையத் திறந்தே கிடக்கின்றன. அதில் 1950-களிலிருந்து தேடத் தொடங்கியிருக்கிறேன். ஆங்கிலம் எனக்குப் பரவாயில்லை. படித்துத் தமிழில் சொல்வதை நான் பார்த்துக்கொள்கிறேன். வாடை தொடங்குவதற்குள் அம்மாவுக்கு ஒரு விடை வேண்டும்.