தலைப்பில் எந்தப் பெயரை வைப்பது? விக்கிப்பீடியாவில் எழுதும் மட்டக்களப்பு, அம்பாறைக்காரரின் அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:
தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊர்ப் பெரியவர்களைப் பற்றி எழுதும்போது தலைப்பில் பட்ட பாட்டை இங்கே சொல்லுங்கள். முதலில் நான்.

மண்டூரில் 1899இல் பிறந்த கவிஞர் பெரியதம்பிப்பிள்ளையைப் பற்றி ஒரு வரைவு எழுதினேன். தலைப்பில் பட்டங்கள் சேர்ப்பதில்லை என்பது அங்கே வழக்கம். அதனால் ‘ஏ. பெரியதம்பிப்பிள்ளை’ என்று வைத்து, அச்செடுத்து, எனக்குத் தகவல் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொண்டுபோனேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“தம்பி, இது ஆரு?”
“நம்மட புலவர்மணிதான் சேர்.”
“அப்ப அதை ஏன் மனே வெட்டினாய்? புலவர்மணி எண்டாத்தானே அவர்.”

கோபம் இல்லை, மனம் நொந்துதான் கேட்டார். பேராசிரியர், கலாநிதி, கலாபூசணம் என்று எல்லாவற்றையும் முன்னால் வைத்தால் பெயர் பின்னால் போய்விடும் என்று விளக்கிப் பார்த்தேன். அவர் ஏற்கவில்லை. மறுகா, “மருதமுனை ஆ. மு. ஷரிபுத்தீனும் புலவர்மணிதானே சேர்? பட்டத்தை மட்டும் போட்டுத் தேடுற பிள்ளைக்கு ஆரைக் காட்டுறது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஓம், அவரும் பெரிய ஆள்தான்” என்றார்.

கடைசியில் தலைப்பு பட்டமில்லாமலே இருந்தது. கட்டுரையின் முதல் வரியில் ‘புலவர்மணி’ வந்தது. பட்டத்தோடு தேடினாலும் அங்கேயே கொண்டுவந்து விடும்படி ஒரு வழிமாற்றும் போட்டேன். அவரே என் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தார். பக்கம் திறந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்தார். அதற்குப் பிறகு நான் வழிமாற்று இல்லாமல் எந்தக் கட்டுரையும் விடுவதில்லை.

காரைதீவிலிருந்து:
எங்கள் ஊர் விபுலாநந்த அடிகளுக்கு மூன்று பெயர். 1892இல் பிறந்தபோது மயில்வாகனம். இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்ததும் பிரபோத சைதன்யர். 1924இல் துறவு பெற்ற பிறகுதான் விபுலாநந்தர். உலகம் அறிந்தது மூன்றாவதை, அதனால் தலைப்பில் குழப்பம் இல்லை. சண்டை எல்லாம் ‘ந’வா ‘ன’வா என்பதில். நானும் இன்னொரு பயனரும் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் இரண்டு நாள் எழுதினோம். எனக்கு ‘ந’தான் பிடிக்கும், பழைய அச்சில் பார்த்துப் பழகிய எழுத்து. ஆனால் பிள்ளைகள் ‘ன’ போட்டுத்தான் தேடுகிறார்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேரவேண்டும், அதுதான் முக்கியம்.

சம்மாந்துறையிலிருந்து:
முதலெழுத்துகளைத் தமிழாக்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கே 1948இல் பிறந்த அரசியல் தலைவர் எம். எச். எம். அஷ்ரபை ‘மு. ஹு. மு.’ என்று எழுதினால் யார் கண்டுபிடிப்பது? எங்கள் பக்கத்து முஸ்லிம் பெயர்களில் அந்த ஆங்கில எழுத்துகளின் ஒலியும் பெயரோடு ஒட்டிப்போனது. பிள்ளைப்பருவத்திலிருந்து வாப்பாவின் வாயில் கேட்டது அப்படித்தான். ‘ஷ’வை ‘ச’ ஆக்குவதும் எனக்கு வலிக்கிறது. கிரந்தம் வேண்டாம் என்பவர்களின் தமிழ்ப்பற்றை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒருவர் தன் பெயரை எப்படி எழுதினாரோ அப்படியே விடுவதுதான் அவருக்குக் கொடுக்கிற மரியாதை.

பெரியநீலாவணையிலிருந்து:
ஒரு வரிதான். நீலாவணனை ‘கே. சின்னத்துரை’ என்று மாற்றவேண்டாம். அவர் ஊர்ப்பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட கவிஞர். தலைப்பிலிருந்து அதை எடுத்தால் எங்கள் ஊரும் சேர்ந்து போய்விடும்.

படுவான்கரையிலிருந்து:
கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் ஒருவரைப் பற்றிக் குறிப்பு எடுக்கப் போனேன். ஊர் முழுக்க அவருக்குப் பட்டப்பெயர்தான். பதிவுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்கே தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்த பெயரே தலைப்பு என்ற நியாயப்படி பட்டப்பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் அது உடலில் இருந்த ஒரு குறையை வைத்து வந்த பெயர். மகளிடம் கேட்டேன். “அப்பாக்கு அவர்ர அம்மா வச்ச பேரை மேல போடுங்க தம்பி. மற்றப் பேரை உள்ளுக்கு ஒருக்கா எழுதி விடுங்க, இல்லாட்டி அவரோட ஆடின ஆக்கள் தேடி வரமாட்டாங்க” என்றார்.

அப்படியே எழுதியிருக்கிறேன்.