ரியூசன் பிள்ளையளைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போறது: ஆர் பொறுப்பு?

முறிப்புச்சந்தி:
கிளிநொச்சியில ஒரு ரியூசன் நிலையம் ஆண்டு 6 பிள்ளையள் 24 பேரை இரணைமடுக் குளத்துக்குக் கூட்டிப்போக இருக்கு. "எது நடந்தாலும் நிலையம் பொறுப்பில்லை" எண்டு தாய்தகப்பனிட்டைக் கையெழுத்து வாங்கினால் காணுமோ? பிள்ளை தாழேக்க கரையில சும்மா நிக்கிற மீன்பிடிகாரரும் பொறுப்போ?

அலைகரை:
மீன்பிடிகாரர் பொதுவா இல்லை. எங்கட தீங்கியல் சட்டம் (ஒருத்தர் செய்த தீங்குக்கு நட்டஈடு கேக்கிற சட்டம்) உரோமன் டச்சு வழி. முன்பின் தெரியாதவர் குதிக்கேல்லை எண்டு நட்டஈடு கேக்கிறது கஷ்டம். ஆனா அவரே பிள்ளையளைத் தோணியில ஏத்தினால் கதை வேறை. தாய்தகப்பன், ஆசிரியர் மாதிரிப் பொறுப்பெடுத்தவர் சும்மா நிண்டதே கவனயீனமாகும்.

கையெழுத்து காணாது. கவனயீனத்தால மரணம் எண்டால் தண்டனைச் சட்டக்கோவை 298, 5 வருசம் வரை சிறை. அந்த வழக்கைத் தொடுக்கிறது அரசு, பெற்றோரில்லை. 18 வயசுக்குக் கீழ்ப்பட்டவரைப் பொறுப்பில வைச்சுக்கொண்டு, துன்பம் வரக்கூடியதா வேணுமெண்டே கவனியாமல் விட்டால் 308அ: 2 முதல் 10 வருசம்.

துருசடி:
தாய்தகப்பன் கையெழுத்து வைக்கிற தாளில வேறை விசயம் எழுதி வாங்குங்கோ: நீந்தத் தெரியுமோ, வலிப்பு இருக்கோ, போன் நம்பர். வானில ஏறேக்க, இறங்கேக்க, திரும்ப ஏறேக்க பேர் கூப்பிட்டு எண்ணுங்கோ. தலையை எண்ணினால் வேறை ஆக்களின்ரை பிள்ளையும் கணக்கில வந்திடும். என்னைக் கேட்டால் 8 பேருக்கு ஒரு பெரியாள், அதுவும் போனில படம் எடுக்காத ஆள்.

துருசுப் (தண்ணி திறந்துவிடுற மதகு) பக்கமும் குளம் நிரம்பித் தண்ணி வழிஞ்சு பாயிற இடமும் வேண்டாம். துருசு திறந்திருந்தால் மேல தண்ணி அசையாது, இழுவை அடியில. மண் அள்ளின கிடங்கு இன்னும் மோசம்: முழங்கால் தண்ணியில நடக்கிற பிள்ளை அடுத்த அடியில தாழும். 20 மீற்றர் கயிறும் காத்தடிச்ச லொறி ரியூப்பும் கரையில கிடக்கட்டும். எறிஞ்சு இழுங்கோ, நீந்தத் தெரியாதவர் குதிச்சால் ரெண்டு பேரைத் தேடவேணும்.

வவுனியாக்காரன்:
அரசாங்கப் பள்ளிக்கூடம் எண்டால் நட்டஈடு கேக்க இன்னொரு வழியும் இருக்கு. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறினதுக்கு, 12.01.2023இல உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையே 10 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அது அடிப்படை உரிமை மனு, அரசு தரப்பு உரிமையை மீறினது எண்டு உயர் நீதிமன்றத்தில போடுறது. 1 மாசத்துக்குள்ள போடவேணும். அந்த மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவிட்டை முறைப்பாடு குடுத்தால், விசாரணை நடக்கிற காலம் கணக்கில வராது. சாதாரண நட்டஈட்டு வழக்குக்கு 2 வருசம். அரசு எதிராளி எண்டால் வழக்குக்கு 1 மாசம் முன்னம் சட்டமா அதிபருக்கு அறிவித்தல் போகவேணும். கனபேர் இதிலதான் பிழைவிடுறவை.

முறிப்புச்சந்தி:
சரி, "நிலையம் பொறுப்பில்லை" எண்டு எழுதி வாங்கிறதை விடுறம். வான்காரர் வெளியாள். பிள்ளையளை ஏ9 சந்தியில இறக்கிவிட்டால் எங்கட பொறுப்பு முடியுமோ?

அலைகரை:
ஓட்டத்துக்கு அவர் பொறுப்பு. ஆனா 11 வயசுப் பிள்ளையைச் சந்தியில இறக்கிறது ஒப்படைக்கிறதில்லை. கூட்டிப்போக வாறவரின்ரை பேரை முதலே எழுதி எடுங்கோ. வான் காப்புறுதியில வாடகை ஓட்டம் எண்டு இருக்கோ எண்டும் பாருங்கோ. சொந்தப் பாவனைக்கு எடுத்த தாளை நம்பி ஏத்தாதேங்கோ.