ரீலோடிங் பிரஸ் மாற்றியபோது நடந்தவை: பார்த்தவர்கள் எழுதுங்கள்

குருசுக்குப்பம்காரன்
பிரான்சில் சொந்தம் இருக்கிறவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை சேர்க்கிறேன். மாமா ஓய்வுபெற்ற சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். உரிமம் வைத்துக்கொண்டு கிளப்பில் சுடுகிறவர், கராஜில் கைப்பிடி வைத்த பிரஸ் என்ற இயந்திரத்தில், சுட்ட தோட்டாவின் காலி உறையில் (கேஸ்) வெடிமருந்து போட்டு அவரே மறுபடி தோட்டா நிரப்புவார். ரொம்பக் காலம், ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்தான். நான் போனபோது, ஒரே இழுப்பில் பல கேஸ்களில் வேலை நடக்கும் புரோகிரசிவ் வாங்கியிருந்தார். கேஸ்கள் நிற்கும் தட்டைக் கையால் திருப்பும் ரகம். 308 ரைஃபிள் தோட்டாவுக்கு, பயிற்சிக்காக மருந்து குறைத்த லோடு ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, அத்தை சாப்பிடக் கூப்பிடறாங்க" என்றேன். திரும்பினார், "வரேன்டா" என்றார், கைப்பிடியை இழுத்தார். அப்படியே நின்றுவிட்டார். தட்டைத் திருப்பிவிட்டு இழுத்தாரா, திருப்பாமலா என்பது அவருக்கே தெரியவில்லை; திருப்பாமல் இழுத்திருந்தால் ஒரே கேஸில் மருந்து இரண்டு தடவை விழுந்திருக்கும். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல், பெட்டியில் இருந்த அத்தனை தோட்டாவையும் சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரில் போட்டுத் தட்டித் தட்டிப் பிரித்தார். ஏதாவது ஒன்றில் இரட்டை மருந்து இருந்ததா? இன்றுவரை வாய் திறக்கவில்லை.

லாஸ்பேட்டை ரவை
இதை நம்ப முடியவில்லை. ரைஃபிள் கேஸில் ஒரு தடவை மருந்து போட்டாலே முக்கால்வாசி நிரம்பிவிடும். இரண்டாவது தடவை விழுந்தால் வழிந்து பிரஸ் முழுக்கக் கொட்டும், கண்ணிலேயே படும். இரட்டை மருந்து பயமெல்லாம் பிஸ்டலுக்கு. என் சித்தப்பா மகன் ஒருநாளும் இப்படித் தடுமாறியதில்லை.

வில்லியனூர் வாத்தியார்
ரவை, "மருந்து குறைத்த லோடு" என்று அவர் எழுதியிருப்பதைப் படிக்கவில்லையா? குறைத்துப் போட்டால் இரண்டு மடங்கும் உள்ளே அடங்கிவிடும். ஆபத்தே அதில்தான். சரி, என் கதை. மச்சான் புது டை (சுட்ட கேஸை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) வாங்கிய அன்று, அதற்கான மெழுகு வரவில்லையென்று பித்தளைக் கேஸில் தேங்காய் எண்ணெய் தடவினான். பாதி வழியில் கேஸ் டைக்குள் இறுகிவிட்டது. விளிம்பு பிய்ந்து வந்தது, கேஸ் உள்ளேயே. பிறகு அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் மாட்டி இழுத்தோம். வெளியே வந்தபோது அவன் போட்ட கத்தல் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். கழுத்து குறுகிய ரைஃபிள் கேஸுக்கு எந்த டையானாலும் சரியான மசகு வேண்டும். கடின உலோகத்தால் ஆன கார்பைடு டை இருந்தால் தேவையில்லை என்பது நேர் உருளையான பிஸ்டல் கேஸுக்குச் சொன்னது.

கடலூர் ஓ.டி.
என் அக்கா வீட்டுக்காரர் பாரீஸிலிருந்து போன் செய்து, "பழைய பிரஸ் சும்மாதானே கிடக்கு, பெட்டியில் போட்டு எடுத்து வரட்டுமா, பையனுக்கு ஆகும்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. "வேண்டாம் அத்திம்பேர்" என்று வைத்துவிட்டேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் எல்லாரும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்ற வரையறைக்குள் அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும் சேர்ந்தே வருகின்றன. வெறும் இரும்புதானே என்று விமான நிலையத்தில் வாதாட முடியாது. உரிமமில்லாமல் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். அங்கே கராஜில் செய்வதை இங்கே புதுச்சேரி முத்தியால்பேட்டை மாடியில் செய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. அங்கே இருப்பவர்கள் பிரஸ்ஸை மாற்றும் முன் மருந்து நிறுக்கும் தராசை மாற்றட்டும். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். பத்தில் ஒரு கிரெய்ன் பார்க்கிற மலிவு எலக்ட்ரானிக் தராசு ஃபேன் காற்றுக்கே ஆடும். அறை சூடு மாறினாலும் பூஜ்யம் நகரும். சோதனை எடைக்கல் வைத்து நடுநடுவே பார்க்க வேண்டும். கேஸ் நீளமும் அளக்க வேண்டும், ஒவ்வொரு முறை சுடும்போதும் நீளும். பலமுறை சுட்ட கேஸின் அடிப்பக்கம் உள்ளே மெலிந்து ஒருநாள் பிளக்கும்.

குருசுக்குப்பம்காரன்
ஓ.டி. அண்ணே, தராசு பற்றி யார் கேட்டார்கள்? மாமா எதற்கு எல்லாவற்றையும் பிரித்தார், பார்த்ததை ஏன் சொல்லவில்லை என்றுதான் எனக்கு அரிக்கிறது. இப்போது ரைஃபிளுக்குத் திரும்பவும் சிங்கிள் ஸ்டேஜ்தான். புரோகிரசிவ் பிஸ்டலுக்கு மட்டும், அதுவும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு.

லாஸ்பேட்டை ரவை
குறைத்த லோடு, சரி, கவனிக்கவில்லை. ஆனால் பிஸ்டலுக்குப் புரோகிரசிவா? அதில்தானே இரட்டை மருந்து கண்ணுக்கே படாது!