1969 கமாரோ இசட்/28: எஞ்சின் எண் பொருந்தினால் போதுமா?

கேள்வி:
வணக்கம். நான் ஓஹையோ மாநிலம் கொலம்பஸில் வசிக்கிறேன். முழுவதுமாகப் புதுப்பிக்கப்பட்ட 1969 செவர்லே கமாரோ ஒன்றை வாங்குவதற்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். அது அசல் இசட்/28 (கமாரோவின் அதிவேகத் தொகுப்பு) என்றும், தொழிற்சாலையில் பொருத்திய 302 கன அங்குல எஞ்சினே இன்றும் அதில் இருப்பதாகவும் சொல்லும் உரிமையாளர், விலையையும் அதற்கேற்ப ஏற்றிச் சொல்கிறார். டாஷ்போர்டில் உள்ள வின் எண் (வண்டியின் அடையாள எண்) 124379என் என்று தொடங்குகிறது. ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பில்) உள்ள தகட்டில் 03பி, எக்ஸ்33 ஆகிய குறிகள் இருக்கின்றன. எஞ்சினில் வி0412டிஇசட் என்ற குறியும் வின் எண்ணின் பிற்பகுதியும் பொறிக்கப்பட்டுள்ளன. பின்னது டாஷ்போர்டு எண்ணோடு அப்படியே ஒத்துப்போகிறது. இதை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில் (பழைய இரும்பு):
முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த வின் எண், இது நார்வுட் ஆலையில் செய்யப்பட்ட வி8 கூபே என்பதை மட்டுமே சொல்லும். இசட்/28 அக்காலத்தில் தனி மாடலாக இல்லாமல் விருப்பத் தேர்வாக விற்கப்பட்டதால், வின் எண்ணில் அதற்கு அடையாளமே கிடையாது. எக்ஸ்33 என்பது அலங்காரப் பட்டைகளுடன் கூடிய இசட்/28-க்கு நார்வுட்டில் இட்ட குறி என்பதால் அது உங்களுக்குச் சாதகமானதுதான். ஆனால் அந்தத் தகடு இரண்டு ரிவெட்டுகளில் நிற்பது, போலித் தகடுகளும் சந்தையில் கிடைக்கின்றன.

என்னை உறுத்துவது தேதி. 03பி என்றால் மார்ச் இரண்டாம் வாரம்; 0412 என்றால் ஃபிளின்ட் ஆலையில் ஏப்ரல் 12 அன்று கோக்கப்பட்ட எஞ்சின். உடல் செய்து ஒரு மாதம் கழித்துப் பிறந்த எஞ்சின் அந்த வண்டியோடு எப்படி ஆலையை விட்டு வெளியே வந்திருக்கும்? பிளாக்கின், அதாவது எஞ்சினின் வார்ப்பு உடலின், பின்புற விளிம்பில், பயணி பக்கமாக, வார்ப்புத் தேதி இருக்கும்; எழுத்து மாதத்தையும் முதல் எண் நாளையும் கடைசி எண் ஆண்டையும் குறிக்கும். எண் பொறித்த தளத்தையும் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஆலையில் அதை இழைத்த கத்தியின் மெல்லிய கோடுகள் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக ஓட வேண்டும். பிளாக்கைப் பிற்பாடு யாராவது இழைத்திருந்தால் அந்தக் கோடுகளோடு எண்ணும் அழிந்திருக்கும். எனவே கோடில்லாத தளத்தில் எண் மட்டும் பளிச்சென்று இருந்தால், அது பின்னால் அடித்த எண்தான்.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன். தளம் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கிறது, ஒரு கோடும் இல்லை. வார்ப்புத் தேதி டி 3 9. உரிமையாளரிடம் கேட்டபோது, உத்தரவாதக் காலத்தில் எஞ்சினை மாற்றியிருக்கலாம் என்கிறார்.

பதில் (பழைய இரும்பு):
டி என்றால் ஏப்ரல். பிளாக்கே உடலுக்குப் பிறகு வார்க்கப்பட்டதுதான். உத்தரவாதத்தில் கொடுத்த பிளாக்கில் சி.இ. என்ற குறி இருக்குமே தவிர, உங்கள் வண்டியின் வின் எண் இருக்காது. ஆகவே யாரோ ஒருவர் அதை அடித்திருக்கிறார். இப்போதைய உரிமையாளர் அறிந்தே செய்தார் என்று நான் சொல்லவில்லை.

பதில் (நான்கு கியர்):
எஞ்சின் போனாலும் உடல் உண்மையானதாக இருக்கக்கூடும். வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்கு முன்னுள்ள காற்றுத்துளைப் பலகையை எடுத்தால் வின் எண்ணின் பகுதியைப் பொறித்த மறைவெண் ஒன்று தெரியும். இன்னொன்று ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலில் இருக்கிறது. இரண்டும் டாஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் வண்டியை விட்டுவிடுங்கள், ஏனென்றால் வின் எண்ணைத் திருத்துவது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். 1969 இசட்/28 நான்கு வேக கையியக்கக் கியருடனும் முன்பக்க டிஸ்க் பிரேக்குடனும் மட்டுமே வந்தது. கியர் பெட்டியிலும் வின் எண்ணின் பகுதி இருக்கும், அதையும் பாருங்கள். உத்தரவாதக் கையேட்டில் ஒட்டியிருந்த உலோகத் தகடு கிடைத்தால் அது பெரிய சான்று. செவர்லேயிடம் கேட்பதில் பயனில்லை. கனடாவில் புதிதாக விற்ற வண்டிகளுக்கு மட்டும் ஜி.எம். கனடா ஆவணம் தருகிறது.

கேள்வி கேட்டவர்:
சனிக்கிழமை உரிமையாளர் முன்னிலையிலேயே பலகையைக் கழற்றினோம். துருவும் காய்ந்த இலைகளும் அடைந்திருந்த மூலையில், பெயிண்டுக்கு அடியில் மறைவெண் தெரிந்தது; டாஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போகிறது. கியர் பெட்டியின் எண்ணும் அதுவே. அசல் எஞ்சின் இல்லாத இசட்/28 என்ற கணக்கில் விலை சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.