கைபேசியைப் பிடுங்கினால் இடுப்பளவு குறையுமா?

வெண்ணிலவன் (திரியைத் தொடங்கியவர்):

பிள்ளைக்கு உடல் பருத்துவிட்டது என்று இங்கே யாராவது எழுதினால் போதும், அடுத்த பதிலிலேயே "முதலில் கைபேசியைப் பிடுங்குங்கள்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. திரையில் கலோரி கிடையாது. உடலில் சேரும் கொழுப்பு வாய் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும்.

அரை லிட்டர் இனிப்புக் குளிர்பானத்தில் ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை, அதாவது 200 கலோரி இருக்கிறது. அதைக் குடித்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக 200 கலோரி செலவாக வேண்டுமென்றால், 60 கிலோ எடையுள்ள பையன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடக்க வேண்டும். கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, சமையலறையை அப்படியே விட்டுவிட்டுச் சார்ஜரை ஒளித்து வைப்பதில் என்ன பயன்? உணவுதான் குற்றவாளி, திரை பலிகடா. இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

தடகளம்:

மறுக்கிறேன். நான் உடற்கல்வி ஆசிரியர். உங்கள் கணக்கில் வரவு மட்டும்தான் இருக்கிறது, செலவைக் காணவில்லை.

இது கைபேசிக் காலத்துப் புலம்பலும் அல்ல. டைட்ஸ், கோர்ட்மேக்கர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-லேயே 12 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளின் தரவை அலசினார்கள். அன்றாடம் தொலைக்காட்சி பார்க்கும் நேரம் ஒரு மணி கூடும்போது, உடற்பருமன் உள்ளவர்களின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம் கூடியிருந்தது. அப்போது பார்ப்பதற்கு இருந்தது ஒரே பெட்டிதான். இப்போது அது சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடத்தை விழுங்குவது எது என்று என் மாணவர்களைக் கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

குறுக்குக்கணக்கு:

தடகளம் ஐயா, 1985 ஆய்வு காட்டுவது இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பதைத்தான். அதிகம் பார்ப்பவர்கள் அதிகம் கொறிக்கிறார்களா, குறைவாகத் தூங்குகிறார்களா, அவர்களின் வீட்டு வருமானம் எப்படி, பக்கத்தில் விளையாட இடம் உண்டா? இவை ஒவ்வொன்றும் திரை நேரம், எடை இரண்டையும் சேர்த்தே இழுக்கக்கூடியவை.

திசையிலும் சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 'எர்லிபேர்ட்' என்ற நீண்டகால ஆய்வில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். எடையை மட்டும் வைத்துக்கொள்ளாமல் டெக்சா என்ற எக்ஸ்ரே வகை ஸ்கேன் மூலம் உடல் கொழுப்பையே அளந்தார்கள். 2011-ல் வந்த முடிவு: கொழுப்பு கூடுதலாக இருந்த பிள்ளைகள் பிற்பாடு குறைவாக அசைந்தார்கள். குறைவாக அசைந்த பிள்ளைகளுக்குப் பிற்பாடு கொழுப்பு கூடியதாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் கதைக்கு நேர் எதிர்.

தடகளம்:

அது 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் செய்தது. நாம் பேசுவது பதின்வயது பற்றி. இருந்தாலும் அதை ஒதுக்க மாட்டேன், மைதானத்தில் அன்றாடம் பார்ப்பதுதான். உடல் கொஞ்சம் பருத்ததும் பையன் ஓட்டத்தில் பின்தங்குகிறான், சிரிக்கிறார்கள், அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சீட்டு வருகிறது. அதன் பிறகு அவனுக்கு அடைக்கலம் எது? திரைதான். தொடக்கம் எதுவாக இருந்தாலும் அவனைப் பிடித்து வைத்திருப்பது அதுவே.

மருதாணி:

நான் உணவியல் ஆலோசகர். இந்தத் திரியில் உணவை ஓர் அறையிலும் திரையை இன்னோர் அறையிலும் வைத்து, எது பெரியது என்று அளக்கிறீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகளின் அன்றாடத்தை விசாரித்தால் இரண்டும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன.

திரை நேரம் கூடினால் ஓட்டம் குறையும், அதனால் கொழுப்பு சேரும் என்பதுதான் எல்லோரும் நம்பும் வழி. சோதனை செய்து பார்த்தவர்களுக்கு அந்த வழி அவ்வளவு வலுவாகக் கிடைக்கவில்லை. 1999-ல் கலிபோர்னியாவில் ராபின்சன் என்பவர், சராசரியாக 9 வயதை ஒட்டிய பள்ளிப் பிள்ளைகளிடம் தொலைக்காட்சி, வீடியோ, வீடியோ கேம் நேரத்தைக் குறைக்கும் பாடத்திட்டம் ஒன்றை ஆறு மாதம் நடத்தினார். அது நடக்காத பள்ளியோடு ஒப்பிட்டால் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு), தோல் மடிப்புத் தடிமன், இடுப்பளவு மூன்றிலும் நல்ல வேறுபாடு தெரிந்தது. ஆனால் கடுமையான உடலசைவு கூடியதாகத் தெரியவில்லை. மாறியது, திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடும் வேளைகளின் எண்ணிக்கை. 2008-ல் எப்ஸ்டைன் குழுவினர் 4 முதல் 7 வயது வரையிலான 70 குழந்தைகளில் ஒரு பாதியினரின் திரை நேரத்தை ஒரு கருவி பொருத்திப் படிப்படியாகப் பாதியாக்கினார்கள். அங்கேயும் குறைந்தது உண்ட கலோரிதான், ஓட்டம் கூடவில்லை.

பதின்வயதினரிடம் செய்ததும் உண்டு. 2011-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உடல்நலமுள்ள 22 பையன்களை ஒரு நாள் ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆடவைத்தார்கள், இன்னொரு நாள் சும்மா உட்காரவைத்தார்கள். பிறகு விரும்பியபடி மதிய உணவு. ஆடிய நாளில் ஏறத்தாழ 80 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆடும்போது உடல் சற்றுக் கூடுதலாகவே சக்தியைச் செலவிட்டிருந்தும், உண்டது அதை மிஞ்சிவிட்டது. இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று: அதிகம் பசித்தது என்று அவர்கள் சொல்லவில்லை. பசிக்காமலே கை நீண்டிருக்கிறது.

விளம்பரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009-ல் வந்த ஒரு சோதனையில், உணவு விளம்பரத்தோடு கார்ட்டூன் பார்த்த பிள்ளைகள், வேறு விளம்பரத்தோடு பார்த்தவர்களைவிட 45 சதவீதம் கூடுதலாகக் கொறித்தார்கள். இப்போதோ விளம்பரம் எது, நிகழ்ச்சி எது என்று பெரியவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

கடைசியாகத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். குறையும்போது மறுநாள் பசி, அதுவும் இனிப்பையும் எண்ணெயையும் தேடும் பசி, கூடுகிறது. நள்ளிரவு வரை விழித்திருப்பவனுக்குச் சாப்பிடக் கூடுதல் நேரமும் கிடைக்கிறது.

வெண்ணிலவன்:

மருதாணி அம்மா, நன்றி. என் வழக்குக்கு என்னைவிட நன்றாக வாதாடிவிட்டீர்கள். குறைந்தது கலோரி, கூடியதும் கலோரி. ஆக, உணவுதான்.

மருதாணி:

அவசரப்படாதீர்கள். "உணவுதான்" என்று சொல்லித் தட்டை மட்டும் மாற்றினால் எவ்வளவு நிற்கிறது? 2012-ல் எப்லிங் குழுவினர், எடை கூடுதலாக இருந்த, இனிப்புப் பானம் வழக்கமாகக் குடித்துவந்த 224 பதின்வயதினரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்குச் சர்க்கரை இல்லாத பானங்களை ஓராண்டு வீட்டுக்கே அனுப்பினார்கள். ஆண்டு முடிவில் பிஎம்ஐ-யில் வேறுபாடு தெரிந்தது. அனுப்புவதை நிறுத்தி இன்னோர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. எதைக் குடிக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாமலா போயிற்று? சுற்றியிருப்பவை பழையபடி திரும்பிவிட்டன, அவ்வளவுதான். திரை அந்தச் சுற்றுப்புறத்தில் பெரும்பங்கு.

மட்டுறுத்துநர்:

ஒரு பயனர் இன்னொருவரின் வளர்ப்பு முறையைப் பற்றி எழுதிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. ஆய்வைத் தாக்குங்கள், ஆளை வேண்டாம்.

பதினாறு வயது:

வணக்கம். இத்தனை பேர் பேசுவது என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான் என்பதால் நானும் எழுதுகிறேன்.

எந்தத் திரை என்று யாருமே கேட்கவில்லை. என் வீட்டுப்பாடம் திரையில், தேர்வு முடிவு திரையில், பயிற்சிக்கு வரச்சொல்லி ஆசிரியர் அனுப்பும் செய்தியும் திரையில். எல்லாவற்றையும் "திரை நேரம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது. விளையாடும்போது இரண்டு கையும் வேலையாக இருக்கும், சாப்பிட முடியாது. தொடர் பார்க்கும்போதுதான் பை காலியாவது தெரிவதில்லை.

இன்னொன்று. "உடம்பைப் பார்" என்று வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொல்கிறார்கள். அதைக் கேட்டபின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்வோம் என்று நினைக்கிறீர்கள்? அங்கே இருப்பது திரையும் தின்பண்டமும்தான்.

மருதாணி:

தம்பி, ஆடும்போது கை வேலையாக இருக்கும் என்பது சரி. அந்த 22 பேரும் ஆடி முடித்த பிறகுதான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆனால் உங்கள் இரண்டாவது பத்தியைப் பெற்றோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். எடையைச் சொல்லிக் குத்திக்காட்டும் வீடுகளில் வளர்பவர்களிடம் முறையற்ற உணவுப் பழக்கமும் பிற்கால எடைக் கூடுதலும் அதிகம் காணப்படுவது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

குறுக்குக்கணக்கு:

தம்பி சொன்ன மூட்டை விஷயம் அளவைக்கும் பொருந்தும். எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று கேட்டுப் பதிவு செய்த எண்ணும், கருவி தானாகப் பதிவு செய்த எண்ணும் சரியாகப் பொருந்துவதில்லை. என்ன சாப்பிட்டாய் என்ற குறிப்பேடு இன்னும் மோசம். உடல் உண்மையில் செலவிடும் சக்தியைச் அடையாள அணுக்கள் சேர்த்த நீரைக் குடிக்கவைத்துச் செய்யும் சோதனை மூலம் அளந்து ஒப்பிட்டால், பதின்வயதினர் உண்டதைக் குறைத்தே எழுதுகிறார்கள், எடை கூடியவர்கள் இன்னும் அதிகமாகக் குறைத்து எழுதுகிறார்கள் என்று தெரிகிறது. உணவுக்கும் கொழுப்புக்கும் தொடர்பே இல்லை என்று சில கணக்கெடுப்புகளில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஎம்ஐ-யும் கொழுப்பை அளப்பதில்லை. பருவ வயதில் பையன்களுக்குத் தசை கூடுகிறது, பெண் பிள்ளைகளுக்குக் கொழுப்பின் விகிதம் இயல்பாகவே உயர்கிறது. அந்த இயல்பான உயர்வைப் பார்த்துப் பட்டினி போடத் துடிக்கும் பெற்றோர் உண்டு. உணவா திரையா என்று சதவீதம் பிரித்துக் கேட்காதீர்கள், இந்த அளவுகோல்களை வைத்துக்கொண்டு அது முடியாது.

வெண்ணிலவன்:

சதவீதம் வேண்டாம். எங்கே கைவைத்தால் பலன் என்பதாவது சொல்லலாமே. நான் இன்னமும் தட்டின் பக்கம்தான்: வீட்டில் இனிப்புப் பானம் வாங்கி வைக்காதீர்கள், சாப்பிடும் வேளையில் எவர் கையிலும் திரை வேண்டாம். இரவில் படுக்கையறைக்குள் கைபேசி போகக் கூடாது என்பதையும் மருதாணி அம்மாவுக்காக ஏற்கிறேன். ஆனால் அது தூக்கத்துக்காக. மீதி நேரத்தில் பிள்ளை என்ன பார்க்கிறான் என்பதற்கும் இடுப்பளவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

தடகளம்:

மீதி நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டாமா? கனடாவின் வழிகாட்டி, பொழுதுபோக்குத் திரைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் என்கிறது.

குறுக்குக்கணக்கு:

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான அதே 2 மணி நேர எல்லையை 2016-ல் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியும் இந்த வயதினருக்குக் குறைக்கச் சொல்கிறதே ஒழிய, மணிக்கணக்கு தரவில்லை.

தடகளம்:

எண் இல்லையென்றால் எந்த வீட்டிலும் எதுவும் நடக்காது. உடலசைவின் பலன் கொழுப்போடு முடிவதும் இல்லை. எலும்பு, இதயம், இன்சுலின் வேலை செய்யும் விதம் எல்லாம் எடை குறையாவிட்டாலும் மேம்படும். நீங்கள் எல்லோரும் தராசையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வெண்ணிலவன்:

எலும்புக்கும் இதயத்துக்கும் ஓடச் சொல்லுங்கள், முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். அதற்குத் தனித் திரி தொடங்குங்கள். இந்தத் திரி கொழுப்பைப் பற்றியது.