ரோமா கொடியின் சக்கரம் எதைக் குறிக்கிறது?

கேள்வி:

பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் வாழும், பிறர் ‘ஜிப்ஸி’ என்றழைத்த ரோமா மக்களின் கொடியில் மேற்பாதி நீலம், கீழ்ப்பாதி பச்சை, நடுவில் பதினாறு ஆரக்கால்கள் கொண்ட சிவப்புச் சக்கரம். நீலம் வானம் என்றும் பச்சை நிலம் என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சக்கரத்தை மட்டும் சிலர் வண்டிச் சக்கரம் என்கிறார்கள்; சிலர் அசோகச் சக்கரத்தோடு உறவு கொண்டாடுகிறார்கள். மொழிவழக்கு, மதம், குடியுரிமை என எல்லாவற்றிலும் பிரிந்திருக்கும் மக்கள், பொருளிலேயே உடன்பாடில்லாத ஒரு சின்னத்தின் கீழ் எப்படி ஒரே அரசியல் குரலாக முடியும்?

முதல் மறுமொழி:

அந்த உடன்பாடின்மைதான் அவர்களுக்குக் கைகொடுத்தது என்பேன். 1971 ஏப்ரலில் லண்டனுக்கு அருகேயுள்ள ஆர்பிங்டனில் கூடிய முதல் உலக ரோமா மாநாட்டில்தான் கொடியும் ‘கெலெம் கெலெம்’ என்னும் பண்ணும் ஏற்கப்பட்டன. பிறர் சூட்டிய ‘ஜிப்ஸி’ என்ற பெயரை விலக்கி ‘ரோமா’ என்று அழைத்துக்கொள்ளவும் முடிவானது. இந்திய மொழியியலாளர் டபிள்யூ. ஆர். ரிஷி அங்கே இருந்தார். முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்ற இந்தியத் தொடர்பு வெறும் கற்பனையன்று: ரோமாக்களின் ரொமானி மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச் என எண்ணுவார்கள், தண்ணீருக்குப் பானி என்பார்கள். ஆயினும் அசோகச் சக்கரத்துக்கு இருபத்து நான்கு ஆரங்கள், இதற்குப் பதினாறு. ஆகவே இது நகல் அன்று. வண்டி என்ற விளக்கமும் எல்லோருக்கும் பொருந்தாது. இன்றைய ருமேனியாவின் முன்னோடி அரசுகளான வலாக்கியாவிலும் மால்தாவியாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மடங்களுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் அடிமைகளாயிருந்த ரோமா குடும்பங்களில் பலவற்றுக்கு, நாடோடி வண்டி பாட்டன் காலத்து நினைவுகூட இல்லை. எவருடைய விளக்கத்தையும் கட்டாயமாக்காததால், கொடி எல்லோர் கைக்கும் போனது.

இரண்டாம் மறுமொழி:

முன்னவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் இந்தியத் தொடர்பை நாம் (குறிப்பாக இங்கிருந்து பெருமையோடு பார்க்கும் நாம்) அளவுக்கு மீறி உயர்த்திப் பிடிக்கக் கூடாது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் வாழ்பவர்களை ‘வந்தேறிகள், திரும்பிப் போங்கள்’ என்று விரட்டத் துடிப்பவர்களுக்கு அதே வாதம் ஆயுதமாகிவிடும். 2000-ஆம் ஆண்டு பிராக் மாநாட்டில் அவர்கள் தங்களை நிலப்பரப்பு கோராத ஒரு தேசம் என்று அறிவித்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கொடி ஆட்களைக் கூட்டும். கோரிக்கையை எழுதித் தராது. ஜெர்மனியில் நெடுங்காலமாக வாழும், ரோமாக்களோடு உறவுடைய சிந்தி மக்கள் (பாகிஸ்தானின் சிந்திகள் அல்லர்) தங்கள் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. ‘சிந்தியும் ரோமாவும்’ என்றே சொல்லச் செய்கிறார்கள். 1980 ஈஸ்டரின்போது சிந்திச் செயற்பாட்டாளர்கள் தாஹாவ் வதைமுகாம் நினைவிடத்தில் உண்ணாநோன்பிருந்தார்கள். நாஜிகள் சிந்தி, ரோமா மக்களைக் கொன்றது இனப்படுகொலையே என்பதை ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 1982-இல்தான். 2012-இல் பெர்லினில் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் பெயரிலும் இரண்டு பெயர்களும் உள்ளன. சிந்தி மக்கள் ரோமாவுக்குள் அடக்கமா, தனியா என்ற வழக்கைத் தீர்க்காமலேயே அந்தக் கோரிக்கையில் சேர்ந்து நிற்க முடிந்தது.

கேட்டவர்:

நன்றி. பொருளில் ஒன்றுபட்ட பிறகே அரசியலில் ஒன்றுபட முடியும் என்று எண்ணிக்கொண்டு கேள்வியைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறேன். தாஹாவ் உண்ணாநோன்பைப் பற்றி மேலும் படிக்கப் போகிறேன்.